என் பேரு எஃப்என்யூ இல்ல, சுடலைமுத்து

அமெரிக்கா ஆபீஸ்ல சேர்ந்த மொத நாள் கழுத்துல மாட்டிக்க ஒரு பேட்ஜ் குடுத்தாங்க, அதுல "எஃப்என்யூ சுடலைமுத்து"ன்னு போட்டிருந்துச்சு. பக்கத்து சீட்டுக்காரர் எந்திரிச்சு வந்து கைகுடுத்து சிரிச்சுக்கிட்டே "ஹாய் ஃப்னூ"ன்னார். ஏதோ அந்த ஊரு வணக்கம் போலன்னு நெனச்சு நானும் பதிலுக்கு "ஹாய் ஃப்னூ"ன்னுட்டேன். மனுஷன் முழிச்ச முழி இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது.

விஷயம் என்னன்னா என் பாஸ்போர்ட்ல கிவன் நேம் கட்டத்துல சுடலைமுத்துன்னு இருந்துச்சு, சர்நேம் கட்டம் காலி. இங்க அது தப்பே இல்ல, பாஸ்போர்ட் எடுக்கும்போது யாரும் ஒண்ணும் சொல்லல. ஆனா அமெரிக்க விசா ஃபார்ம் சர்நேம் இல்லாம நகராது, ஒத்தைப் பேரு ஆளா இருந்தா அந்தப் பேரைத் தூக்கி சர்நேம்ல போட்டுட்டு கிவன் நேம் எடத்துல எஃப்என்யூன்னு போட்டுருவாங்க. ஃபர்ஸ்ட் நேம் அன்நோன். அதாவது மொதப் பேரு தெரியலையாம். விசால ஒட்டிக்கிட்டு வந்த அந்த மூணெழுத்து பேட்ஜ், ஈமெயில், டிரைவிங் லைசென்ஸ்னு எங்க போனாலும் கூடவே வந்துச்சு, ரெண்டு வருஷம் நான் பேரு தெரியாதவனாத்தான் அந்த ஊர்ல வாழ்ந்தேன்.

இதுல காமெடி என்னன்னா எனக்கு சின்ன வயசுல இருந்த பிரச்சனை பேரு இல்லாதது இல்ல, பேரு கொஞ்சம் ஜாஸ்தியா இருந்ததுதான்.

எங்களுக்கு தென்காசி பக்கம். மூத்த பையனுக்கு அப்பாவைப் பெத்த தாத்தா பேரு, அதுல பேச்சுக்கே எடமில்ல. பேரன்ங்கிற வார்த்தையே பெயரன்தானே, பேரைச் சுமக்கிறவன். தாத்தா பேரு சுடலைமுத்து, அதனால நானும் சுடலைமுத்து. இதுவரைக்கும் சரி, ஆனா அந்தப் பேரை வீட்ல யாரு கூப்பிடுறது? ஆச்சிக்கு அது புருஷன் பேரு, வாயில வராது. அம்மாவுக்கு மாமனார் பேரு, அவங்களும் சொல்ல மாட்டாங்க. அப்பா மட்டுமாவது கூப்பிட்டிருக்கலாம், ஆனா பெத்த அப்பன் பேரைச் சொல்லி எப்படி "ஏல சனியனே"ன்னு திட்டுறது, அதனால அவரும் தம்பின்னுதான் கூப்பிடுவாரு. ஆச்சிக்கு நான் "எய்யா". ஆக மொத்தம் ஊரே கூடி வச்ச பேரு, வீட்டுக்குள்ள ஒரு வாய் கூட சொல்லாத பேரு.

ஒண்ணாங்கிளாஸ்ல டீச்சர் ரிஜிஸ்டர் பாத்து "சுடலைமுத்து"ன்னு கூப்பிட்டாங்க. நான் வாசலைத் திரும்பிப் பாத்தேன், தாத்தா வந்திருக்காரு போலன்னு. ரெண்டாவது தடவை கூப்பிட்டாங்க, மூணாவது தடவை கூப்பிட்டாங்க, பக்கத்துல இருந்தவன் இடிச்சப்புறம்தான் அது நான்தான்னே புரிஞ்சுது.

புருஷன் பேரைச் சொல்லாத பழக்கத்தை இப்ப உள்ள பிள்ளைங்க கேட்டா சிரிக்குதுங்க. எங்க தெருவுல ஒரு அத்தை இருந்தாங்க, மாமா பேரு சீனி. அத்தை கடைக்குப் போனா "அரைக்கிலோ தித்திப்பு குடுங்க"ம்பாங்க, கடைக்காரருக்கும் பழகிப்போச்சு. சொன்னா புருஷன் ஆயுசு குறையும்னு பயம், மரியாதை, பழக்கம், எல்லாம் கலந்துதான். இதை அழகுன்னு கொண்டாடவும் எனக்கு இஷ்டமில்ல, ஏன்னா மாமா அத்தையைக் கூப்பிடுறது "ஏ இவளே"ன்னு, அவருக்கு பொண்டாட்டி பேரைச் சொல்ல எந்தத் தடையும் இல்ல, சும்மாவே சொல்லல.

பேரை வச்சே ஊரைச் சொல்லிரலாம்ங்கிறது எங்க பக்கம் ரொம்ப சகஜம். சுடலைமுத்து, இசக்கிமுத்து, பேச்சிமுத்துன்னா திருநெல்வேலிச் சீமைன்னு கண்ணை மூடிட்டுச் சொல்லலாம். கோமதி, ஆவுடையம்மாள்னா சங்கரன்கோவில் அம்மன், காந்திமதின்னா நெல்லையப்பர் கோயில் அம்மன். குற்றாலிங்கம்னா சொல்லவே வேண்டாம். தூத்துக்குடி கடற்கரைப் பக்கம் போனா சூசை, சவேரி, அந்தோணி. நாகூர் ஆண்டவருக்கு நேர்ந்துகிட்டுப் பொறந்தவங்க நாகூர் மீரான், சாகுல் ஹமீது. ஒரு பேருக்குள்ள ஒரு கோயிலோ தர்காவோ உக்காந்திருக்கும்.

அது மட்டும் உக்காந்திருந்தா பரவால்ல, இன்னும் நெறைய உக்காந்திருக்கும். அடுத்தடுத்து பிள்ளை தங்காம போன வீட்ல அடுத்து பொறந்ததுக்கு பிச்சை, குப்பைன்னு வைப்பாங்க, எமனுக்கே வேண்டாத பொருளா தெரியட்டும்னு. மூக்கு குத்தி மூக்கன், மூக்கம்மாள்னு வைக்கிறதும் அதுக்குத்தான். பொண்ணா பொறந்துக்கிட்டே இருந்தா போதும்பொண்ணு, வேண்டாம்னு பேரு வைப்பாங்க. என் கூட அஞ்சாவது வரைக்கும் ஒரு போதும்பொண்ணு படிச்சா, கணக்குல எங்க எல்லாரையும் விட கெட்டி, ஆனா ஒவ்வொரு தடவை அட்டெண்டன்ஸ் எடுக்கும்போதும் உன்னை வேண்டாம்னாங்கன்னு அவளுக்கு ஞாபகப்படுத்துற மாதிரி இருக்கும். பேருல சாதியும் இருக்கும், அதையும் மறைக்க வேண்டாம். சில ஊர்கள்ல சாமின்னு முடியிற பேரை இன்னார்தான் வைக்கணும், மத்தவன் கருப்பன், சடையன்னு நிறுத்திக்கணும்னு இருந்த காலம் ரொம்பத் தூரத்துல இல்ல. அதனால 'பழைய பேரெல்லாம் போச்சே'ன்னு பொலம்புறவங்களைப் பாத்தா எனக்கு முழுசா சேர்ந்து பொலம்ப வராது.

நமக்கு ஏன் சர்நேம் இல்லைன்னு அமெரிக்கால கேட்டப்ப மொதல்ல எனக்கே பதில் தெரியல. பெறகு யோசிச்சா நம்ம ஆளுங்க ரொம்பப் பழைய காலத்துலயே ஊரையும் அப்பனையும் முன்னாடி வச்சு, சொந்தப் பேரைக் கடைசில வச்சிருக்காங்க. நக்கீரரோட முழுப்பேரு மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். கணக்காயர்னா வாத்தியாரு, அதாவது மதுரை வாத்தியார் மகன். அதே கணக்குதான் அண்ணாவோட சி.என்.ல உள்ள சி காஞ்சிபுரம், இங்கிலீஷ்காரன் கான்ஜீவரம்னு எழுதினதால சி, என் வந்து நடராசன். பெரியாரோட ஈ.வெ. ஈரோடு வெங்கட்டப்பர். பேருக்குப் பின்னாடி சாதிப் பட்டம் ஒட்டிக்கிட்டு இருந்ததை வெட்டணும்னு 1929ல செங்கல்பட்டுல நடந்த சுயமரியாதை மாநாட்டுல தீர்மானம் போட்டாங்க, அவரும் நாயக்கரை வெட்டினாரு. இனிஷியல் அதுக்கு முன்னாடியே உண்டு, ஆனா பின்னாடி இருந்ததை வெட்டினப்புறம் பேருக்குத் துணையா நின்னது முன்னாடி இருந்த அந்த ஒத்தை எழுத்துதான். இன்னைக்கு ஒரு ஆள் பேரைக் கேட்டு சாதி தெரியாம இருக்குன்னா அது லேசுப்பட்ட காரியம் இல்ல. அதுக்காக ஏர்போர்ட்ல ரெண்டு தடவை ஃப்னூன்னு கூப்பிட்டா நான் திரும்பிட்டுப் போறேன்.

ஆனா அந்த ஞானம் காலேஜ்ல இல்ல. சென்னைல ஹாஸ்டல். சுடலைன்னா சுடுகாடுன்னு எவனோ ஒருத்தன் கண்டுபிடிச்சான், அன்னைல இருந்து "என்ன மச்சான், இன்னைக்கு எத்தனை பாடி"ன்னு ஆரம்பிச்சிருவானுங்க. நான் முத்துன்னு சுருக்கிக்கிட்டேன். அதுவும் பத்தல, பேரையே மாத்திரலாம்னு முடிவு பண்ணி கெஜட்ல பேர் மாத்துற ஃபார்ம் வாங்கிட்டு வந்து பழைய பேரு, புதுப் பேரு எல்லாம் எழுதிட்டேன். புதுப் பேரு சுதன். சிரிக்காதீங்க, அப்ப அது ரொம்ப ஸ்டைலா தெரிஞ்சுது.

அந்த ஃபார்ம் பைக்குள்ள இருக்கும்போதுதான் தாத்தா தவறிட்டாரு. காரியமெல்லாம் முடிஞ்சு வாரிசு சர்டிபிகேட்டுக்காக ஆச்சியை தாலுகா ஆபீஸுக்கு நான்தான் கூட்டிட்டுப் போனேன். கிளார்க் பேனாவைத் தெறந்து வச்சுக்கிட்டு "பாட்டி, இறந்துபோனவர் பேரு சொல்லுங்க"ன்னாரு. ஆச்சி பேசல. "வீட்டுக்காரர் பேரும்மா"ன்னாரு சத்தமா, காது கேக்கலையோன்னு. ஆச்சி சேலைத் தலைப்பை வாயில வச்சுக்கிட்டு, இன்னொரு கையால என்னைக் காட்டி "இவன் பேருதான் சார், இவன்ட்ட கேளுங்க"ன்னா.

கிளார்க் என்னைப் பாத்தாரு. நான் ஒரு வருஷமா யாருகிட்டயும் முழுசா சொல்லாத பேரு. வரிசைல பின்னாடி பத்து பேரு நிக்காங்க. "சுடலைமுத்து"ன்னேன். "கேக்கல தம்பி, சத்தமா." "சுடலைமுத்து சார்." இறந்தவர் பெயர்னு இருந்த கட்டத்துல அவரு நிதானமா எழுதினாரு, நான் தலைகீழா நின்னு என் பேரை வாசிச்சேன். வெளிய வந்து ஆச்சி ஒண்ணுமே நடக்காத மாதிரி "எய்யா, ஒரு சர்பத்து வாங்கித் தாயேன்"ன்னா.

ஃபார்மை நான் அன்னைக்கே கிழிச்சேன்னெல்லாம் சொன்னா பொய். ரொம்ப நாள் பைலயே கெடந்து மடிஞ்சு நைஞ்சு போச்சு. அந்த வருஷம் கோயில் கொடைத் திருவிழால வில்லுப்பாட்டு கேட்டேன், சின்ன வயசுல தூங்கிட்டே கேட்டதுதான், அன்னைக்குத்தான் முழிச்சிருந்து கேட்டேன். கைலாசத்துல பார்வதி பிள்ளை வேணும்னு நின்னப்ப தூண்டாமணி விளக்குச் சுடர்ல இருந்து பொறந்த சாமிதான் சுடலைன்னு பாடுவாங்க. வெளக்குச் சுடர்ல பொறந்தவன் பேரு, ஹாஸ்டல்ல போய் சுடுகாடாகிருச்சு. சரி, அவன் மயானத்துலயும் காவல் இருக்கிறவன்தான், அதையும் மறுக்கல.

பேரை மாத்துறது தப்புன்னு நான் சொல்லல. போதும்பொண்ணு மாத்தினா நான் போய் கையெழுத்துப் போடுவேன். ஆனா மாத்துறவங்க ஒண்ணு தெரிஞ்சுக்கணும், கெஜட்ல வந்துட்டா முடிஞ்சுதுன்னு நெனைக்கக் கூடாது, அங்கதான் வேலையே ஆரம்பிக்குது. கூட வேலை பாக்குற ஒருத்தர் நியூமராலஜி பாத்து பேருல ஒரு எழுத்து கூட்டினாரு. ஆதார், பான், பேங்க், பிஎஃப், ஒவ்வொண்ணா மாத்திக்கிட்டே இருக்காரு, படிச்ச சர்டிபிகேட் எல்லாம் பழைய எழுத்துலயே நிக்குது, இன்டர்வியூக்குப் போனா கெஜட் காப்பியையும் கூடவே தூக்கிட்டுப் போறாரு. அதிர்ஷ்டம் வந்துச்சான்னு கேட்டா முறைக்கிறாரு. வந்தா அது எந்த ஸ்பெல்லிங் ஆளைத் தேடி வரும்னுதான் எனக்கு டவுட்டு.

என் பேப்பர்களும் ஒண்ணும் ஒழுங்கில்ல. பத்தாவது மார்க் ஷீட்ல சுடலைமுத்து ஒரே வார்த்தை, இனிஷியல் பின்னாடி. ஆதார்ல சுடலைக்கும் முத்துக்கும் நடுவுல ஸ்பேஸ், இனிஷியல் முன்னாடி. பான் கார்டுல ஒத்தை எழுத்து சர்நேமா நிக்காது, விரிச்சு எழுதணும்னதால அப்பா பேரு முழுசா வந்து ஒட்டிக்கிச்சு. ஒரு லோனுக்குப் போனப்ப இந்த மூணு பேரும் ஒரே ஆளுதான்னு நோட்டரிகிட்ட அஃபிடவிட் வாங்கிட்டு வரச் சொன்னாங்க. நம்ம ஊர்ல எல்லாத்துக்கும் தாய்ப் பத்திரம் பத்தாவது மார்க் ஷீட்தான். பிள்ளை பத்தாவது படிக்கிறவங்க, பப்ளிக் எக்ஸாமுக்கு ஸ்கூல்ல இருந்து நாமினல் ரோல், அதாவது பரீட்சை எழுதுற பிள்ளைங்க பட்டியல், அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை போய் ஸ்பெல்லிங், இனிஷியல், பொறந்த தேதி எல்லாம் ஒங்க கண்ணால பாத்துருங்க. அப்ப பத்து நிமிஷ வேலை, பெறகு பத்து மாச வேலை. தமிழ்லயும் அப்படித்தான், 2021ல பேரோட இனிஷியலும் தமிழ்லயே இருக்கணும்னு தமிழ்நாடு அரசு ஆணை போட்டுச்சு, அதனால தமிழ்ல எழுதும்போது எஸ். வேண்டாம், சு. போதும், ரெண்டையும் மாத்தி மாத்தி போடாம இருந்தா சரி.

பாஸ்போர்ட்டை ரீஇஷ்யூ பண்ணும்போது அப்பா பேரை சர்நேம்ல போட்டேன். ஃப்னூ ஒழிஞ்சான். ஆனா அதுக்கப்புறம் ஃபாரின்காரங்க எல்லாம் மிஸ்டர் போட்டு அப்பா பேரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுறாங்க, மீட்டிங்ல அந்தப் பேரு வந்தா இன்னமும் எனக்கு முதுகு தானா நிமிரும். ஒண்ணாங்கிளாஸ்ல தாத்தா வந்துட்டாருன்னு வாசலைப் பாத்தவன், நாப்பது வயசுல அப்பா வந்துட்டாருன்னு பாக்கேன். ஒத்தைப் பேரு பாஸ்போர்ட் வச்சிருக்கிறவங்க வெளிநாடு போற எண்ணம் இருந்தா மொதல்லயே இதைச் சரி பண்ணிருங்க, டிக்கெட் போட்டப்புறம் முழிக்காதீங்க. 2022 நவம்பர்ல யூஏஇ கூட விசிட் விசா, டூரிஸ்ட் விசாவுக்கு ஒத்தைப் பேரு செல்லாதுன்னு சொல்லி நெறைய பேரு ஏர்போர்ட்ல திண்டாடினாங்க.

பொண்ணு பொறந்தப்ப இவ்வளவு அடிபட்டும் பேரு வைக்க எங்களுக்கு ஏழு மாசம் ஆச்சு. மாமியார் நட்சத்திரம் அனுஷம், ந, நி, நு, நே இதுலதான் ஆரம்பிக்கணும்னாங்க. நல்லவேளை திருவாதிரை இல்ல, அதுக்கு உள்ள எழுத்துல ங-வும் ஒண்ணு, ங-ல ஒரு பேரு சொல்லுங்க பாப்போம். மனைவி ஆன்லைன் லிஸ்ட்டா பாத்தா, அதுல எந்தப் பேரை எடுத்தாலும் அர்த்தம் கடவுளின் பரிசு. எங்க அப்பா ஒண்ணுமே சொல்லாம ஒரு நாள் போன்ல "எங்க அம்மை பேரு பேச்சி"ன்னு மட்டும் சொல்லிட்டு வச்சுட்டாரு. அப்ப ஆச்சி தவறி மூணு வருஷம்.

இங்க ஒரு உருப்படியான விஷயம். பொறப்பை 21 நாளுக்குள்ள பதியணும், ஆனா பேரை அப்பவே எழுதணும்னு கட்டாயம் இல்ல. ஒரு வருஷத்துக்குள்ள பேரைச் சேத்துக்கலாம், காசு கெடையாது, அதுக்கப்புறம்னா 15 வருஷம் வரைக்கும் லேட் ஃபீஸ் கட்டி சேக்கலாம். ஆஸ்பத்திரில அவசரத்துல ஒரு பேரைச் சொல்லிட்டு பெறகு மனசு மாறாதீங்க, எழுத்துப்பிழைன்னா திருத்தலாம், வேற பேரா மாத்துறது லேசுல நடக்காது. 2023 அக்டோபர் 1ல இருந்து பொறந்த பிள்ளைகளுக்கு ஸ்கூல்ல இருந்து பாஸ்போர்ட் வரைக்கும் பர்த் சர்டிபிகேட்தான் ஆதாரம்னு சட்டமே வந்துருச்சு, அதனால இப்பெல்லாம் அதுதான் தாய்ப் பத்திரம். நாங்க கடைசில முடிவு பண்ணின பேரை இங்கிலீஷ்ல ஒரு பேப்பர்ல எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டி ஒரு வாரம் வச்சோம், போறவங்க வர்றவங்களை எல்லாம் வாசிக்கச் சொன்னோம். எல்லாரும் ஒரே மாதிரி வாசிச்சப்புறம்தான் பதிஞ்சோம்.

சர்டிபிகேட்ல நிலா. பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டம் வந்தப்ப என் பேரு. மனைவி கேட்டா, "பத்து மாசம் சொமந்தது நான், பின்னாடி ஒக்கார்றது நீங்களா?" நியாயமான கேள்வி, பாஸ்போர்ட்டுக்கு அம்மா அப்பால ஒருத்தர் பேரு இருந்தா போதும்னு 2016லயே மாத்திட்டாங்க, சர்நேமும் அப்பா பேராத்தான் இருக்கணும்னு இல்ல. ஆனா அந்த வாக்குவாதத்துல நான்தான் ஜெயிச்சேன், அதைப் பெருமையா எழுத முடியல. ஹாஸ்டல்ல நான் மறைச்ச பேரை இப்ப ஒரு சின்னப் பொண்ணு நிலா சுடலைமுத்துன்னு க்ளாஸ்ல சத்தமா சொல்லிட்டு வர்றா.

வீட்டுப் பேரைத் தனியா விட்டுட்டோம், அதை யாரும் எங்கயும் பதிய வேண்டாம். காமராஜருக்கு வச்ச பேரு குலதெய்வம் காமாட்சி, அவங்க அம்மா கொஞ்சினது ராஜா, ரெண்டும் சேர்ந்துதான் காமராஜ் ஆச்சு, எது எங்க போய் நிக்கும்னு யாரு கண்டா. எங்க அப்பா பேத்தியை பேச்சின்னுதான் கூப்பிடுறாரு. என்னை ஒரு நாளும் பேரு சொல்லிக் கூப்பிடாத மனுஷன், பெத்த அம்மா பேரை வாய் நெறைய "பேச்சி, ஏ பேச்சி"ன்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு. வயசானா இதெல்லாம் தளந்துரும் போல.

அம்மாவுக்குத்தான் செரமம். பேச்சிங்கிறது மாமியார் பேரு. போன லீவுக்கு ஊருக்குப் போனப்ப நிலா சும்மா இருக்காம அம்மா மடில ஏறி உக்காந்து நோண்டிக்கிட்டு இருந்தா.

"ஆச்சி, என் பேரு சொல்லு."

"நிலா."

"அது ஸ்கூல் பேரு. தாத்தா சொல்ற பேரு சொல்லு."

அம்மா சேலைத் தலைப்பை எடுத்து வாயை மூடிக்கிட்டு, சிரிச்சுக்கிட்டே, சுவத்துல மாலை போட்டு மாட்டியிருக்கிற போட்டோவைக் கையைக் காட்டினாங்க.